அபிதகுசாம்பாள் பாடாத பாட்டு

திருவண்ணாமலை அம்மனின் பெயரை வைப்பதாக வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால், ஆரணியில் விசைத்தறி வைத்திருந்த முருகேசன் தன் மகளுக்கு அபிதகுசாம்பாள் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும் புது டீச்சர்கள் அந்தப் பெயர் வந்ததும் ஒரு கணம் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டுதான் படிப்பார்கள். வீட்டில் அவள் அபி. பாட்டுக்காக யூடியூபில் சேனல் தொடங்கியபோது, வாயில் நுழைகிற மாதிரி ஏதாவது வையேன் என்று தோழிகள் சொன்னார்கள். அவள் முழுப் பெயரையே வைத்தாள். சென்னையில் பலர் அதை ஏதோ இசைக்குழுவின் பெயர் என்று நினைத்தார்கள்.

யாரும் அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரவில்லை. போனில் கரோக்கி போட்டுக்கொண்டு பாடிப் பாடிப் பழகியதுதான். ஆரம்பத்தில் அவள் ஏற்றியதெல்லாம் அடுத்தவர் பாட்டுகள். இப்போது அவற்றைக் கேட்டால், யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம் என்று தோன்றும். படிப்பு முடிந்து பட்டுக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கேமரா முன்னால் சேலையை விரித்து, முந்தானையைத் தூக்கிக் காட்டி, ஆன்லைனில் பார்க்கிறவர்களிடம் பேசி விற்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் பின்னால் தகரக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் எந்தப் பாட்டைப் பதிவு செய்வது?

பராமரிப்பு வேலை என்று மின்வாரியம் மாதத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்தும். அன்றைக்குத்தான் தெரு முழுக்கத் தறிகள் வாயை மூடும். அபி அந்த நாளில் கடைக்கு லீவு போடுவாள். ஆனால் அந்த அமைதியில் வேறு தொல்லை இருந்தது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. பெண் பிள்ளை ஊருக்கெல்லாம் பாடிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. சுவரில் காதை வைத்தே கேட்பார் என்று அபிக்குச் சந்தேகம். அதனால் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, போனை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மூச்சோடு மூச்சாகப் பாடினாள். சொந்தமாக எழுதி அப்படி அவள் பாடிய முதல் பாட்டு, ‘கரண்டு வர்றதுக்குள்ள.’

அந்தப் பாட்டு ஓடியது. காதுக்குள் ரகசியம் சொல்கிற குரல் என்று முகம் தெரியாத ஆட்கள் எழுதினார்கள். பெரியப்பாவுக்குப் பயந்த குரல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அவளைத் தேடி வந்தவன் நேமிகுமார். போளூரை அடுத்த திருமலைப் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருக்கிற ஜைனக் குடும்பம் அவனுடையது. அவன் மட்டும் ஆரணியில் ஒரு மாடி அறையில் ஸ்டூடியோ போட்டு, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அபியின் அடுத்த பாட்டை வாங்கிக் கேட்டுவிட்டு, அதில் அவள் ஆசையாகச் சேர்த்திருந்த கீபோர்டை மொத்தமாக எடுத்துவிட்டான்.

“ஒன் கொரலுக்குப் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாதும்மா,” என்றான். “தூரத்துல ஒரே ஒரு சத்தம் போதும். நெஞ்சு அடிச்சுகினு இருக்கற மாதிரி.”

அப்படித்தான் அவளுடைய இரண்டாம் கட்டப் பாட்டுகள் உருவாயின. மூச்சு, அடியில் ஒரு தாழ்ந்த முழக்கம், நடுநடுவே வெறும் அமைதி. அந்த அமைதியை எங்கே எவ்வளவு விடுவது என்பது நேமியின் கையில் இருந்தது. அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் வெயில் தாழ்ந்ததும் அவன் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஜல்தியாகக் கிளம்பிவிடுவான். மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்வார்கள். சில வருடங்களில் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். சென்னையில் பாட்டுகளை எடுத்து வெளியிடும் ஒரு நிறுவனத்திலிருந்து தனசேகரன் என்பவர் அடிக்கடி போன் செய்யத் தொடங்கினார். எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்துவிடுங்கள் என்பார். அபி பார்க்கலாம் சார் என்பாள்.

வீட்டில் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். காஞ்சிபுரத்து இடம் ஒன்று ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒரு நாள் அவள் கடையிலிருந்து வந்தபோது அம்மா பொன்னம்மாள் அடுப்படி வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இத எப்பப் பாடின?”

அபி வாங்கிக் கேட்டாள். அவள் குரல்தான். மூச்சை உள்ளே இழுப்பதும், வரியின் கடைசிச் சொல்லைப் பாதி விழுங்குவதும் அவளைப் போலவே. ஆனால் இந்தப் பாட்டை அவள் பாடியதில்லை. எழுதியதும் இல்லை.

*தேசூரு பஸ்ஸு நிக்காமப் போச்சு,*
*மில்லுக்கு எதுக்க மரத்தடியில நீ இல்ல,*
*ஓடற வெளிச்சத்துல ஒம் மூஞ்சி பதியல.*

“இது நான் இல்லம்மா.”

“என் பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா? தேசூருக்கு எதுக்குப் போன? மரத்தடியில எவன் நிக்கறான்?”

“யாரும் நிக்கல. நான் தேசூரே பார்த்ததில்ல.”

பொன்னம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகளின் போன் எங்கே இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கண் இருந்தது. அபி குளிக்கப் போனால் போன் இடம் மாறியிருக்கும். கடையில் கூட வேலை செய்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பெரியப்பா இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை, நேராக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு முருகேசனிடம், “பாட்டுல ஊர் பேரோட சொல்லுதே, இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?” என்று கேட்டார். காஞ்சிபுரத்துக்காரர்கள் ஒரு தடவை போன் செய்து, அந்தப் பாட்டு உங்கள் பெண்ணுடையதா என்று மரியாதையாக விசாரித்தார்கள். அதோடு அவர்கள் போனே வரவில்லை.

பாட்டைப் போட்ட கணக்கில் பெயரும் இல்லை, படமும் இல்லை. கீழே கருத்து எழுதியவர்கள்தான் அபிதகுசாம்பாளின் புதுப் பாட்டு என்று எழுதிப் பரப்பியிருந்தார்கள். அபி தனசேகரனைக் கூப்பிட்டாள்.

“இதெல்லாம் ஏஐ வேலைங்க,” என்றார் அவர் யோசிக்காமல். “ஒங்க குரல் தனியா, மியூசிக் இல்லாம சுத்தமா இருந்தா போதும். மெஷினுக்குக் குடுத்தா எதை வேணாலும் பாடும். அந்த ஒரிஜினல் ட்ராக் எல்லாம் யார்கிட்ட இருக்கு?”

“நேமி அண்ணன்கிட்ட.”

“வேற யார்கிட்ட?”

“வேற யார்கிட்டயும் இல்ல.”

“அப்ப நீங்களே யோசிச்சுக்குங்க,” என்றார் தனசேகரன். அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நேமியின் ஒவ்வொரு அசைவும் அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஸ்டூடியோவில் புது ஸ்பீக்கர் வந்திருந்தது, எங்கிருந்து வந்தது? அவள் உள்ளே நுழைந்ததும் திரையில் எதையோ மூடினானே, அது என்ன? வெளியே போய்ப் பேசினானே, யாரோடு? வெயில் தாழ்ந்ததும் அவன் கிளம்புவதைக்கூட அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். ஏன் கிளம்புகிறான் என்று இத்தனை வருடமாகத் தெரிந்தும், அன்றைக்கு மாடிப்படி அடியில் நின்று, அவன் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தாள். போளூர் ரோட்டில்தான் திரும்பியது, எப்போதும் போல. அப்படியும் மனம் ஆறவில்லை.

மறுநாள் கேட்டுவிட்டாள்.

“அண்ணா, என் ட்ராக்க யாருக்காவது குடுத்தீங்களா?”

நேமி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். “நீ கேக்கறியா, முடிவு பண்ணிட்டு வந்து சொல்றியா?”

“ஒங்ககிட்ட மட்டும்தான இருக்கு.”

“ஆமா. எங்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

இல்லை, நான் கொடுக்கவில்லை என்று அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. அவளுடைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினான். பிறகு அவள் பார்க்கும்படி திரையைத் திருப்பி வைத்து, தன்னிடமிருந்ததை அழித்தான். டிஸ்க்கை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஏதோ ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு திரையில் ஓடியது.

குற்றம் செய்தவன் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வான் என்று படி இறங்கும்போது அவளுக்குத் தோன்றியது. தெருவுக்கு வந்ததும், செய்யாதவனும் இப்படித்தான் இருப்பானோ என்று தோன்றியது.

அன்றிலிருந்து அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் பாட்டுகளின் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். ஒரு இடத்தில், ‘மூஞ்சி’ என்ற சொல்லில், குரல் சட்டென்று உடைந்து ஒரு நொடி பெரிதாக வெளியே வந்து, பயந்தது போல மறுபடி அடங்கியது. அபியின் எந்தப் பாட்டிலும் அப்படி ஒரு இடம் கிடையாது. அவளிடம் இல்லாததை மெஷின் எங்கிருந்து எடுத்திருக்கும்? அதோடு இன்னொரு கேள்வியும் வந்தது. தனசேகரன் ஏன் அவ்வளவு வேகமாக நேமியைக் கை காட்டினார்? நேமி போய்விட்டால் அவள் யாருடைய ஸ்டூடியோவுக்குப் போவாள்?

ஞாயிற்றுக்கிழமை தேசூருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். பொன்னம்மாள் கணவனைப் பார்த்தாள். முருகேசன் தறியை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டினார்.

“நானும் வர்றேன்.”

துணைக்கு வருகிறாரா, வேவு பார்க்க வருகிறாரா என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். அவள் போனை எடுத்தபோதெல்லாம் அவர் முன்னால் சாய்வது கண்ணாடியில் தெரிந்தது.

தேசூரில் அரிசி மில் இருந்தது. எதிரே ஒரு புளியமரம், அதன் அடியில் பஸ் நிறுத்தம். மரத்தை ஒட்டினாற்போல ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே மெஷின் ஓடும்போது மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பியது. அபி மரத்தடியிலேயே நின்றுவிட்டாள். ஓடுகிற வெளிச்சம் என்றால் பஸ் விளக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

கடை வாசலுக்குப் போனார்கள். யாரோ ஒரு பெரியவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“முன்னாடி பின்னாடி ரெண்டுமாங்க?”

முருகேசன் மகள் பக்கம் திரும்பினார். “என்னா கேட்ட?”

“நான் ஒண்ணும் கேக்கலப்பா.”

அவர் மகளின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்று பாதிக் காது போனவர். அந்தக் காதுக்கும் அது அவள் குரலாகவே கேட்டிருந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்து, பெரியவருக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அபியின் வயதுதான் இருக்கும். கழுத்தில் புதுத் தாலிக் கயிறு. சேனல் படத்தில் பார்த்திருந்த அபியின் முகம் எதிரே தெரிந்ததும் அவள் கை மெஷின் மேலேயே நின்றது.

“என்ன வேணும்?”

“பாட்டப் பத்திப் பேசணும்.”

“எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுங்க.” கண் தெருப் பக்கம் ஓடியது. “எதுக்க வீட்டு வாசல்ல என் மாமியார் உக்காந்துகினு இருக்காங்க. எதையாச்சும் குடுங்க, ஜெராக்ஸ் எடுக்கறேன். சும்மா நின்னு பேசினா அப்புறம் எனக்குத்தான் பேஜார்.”

அபி தன் ஆதார் அட்டையைக் கொடுத்தாள். அந்தப் பெண் மூடியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமத் தொடங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். முருகேசன் பக்கத்திலேயே நின்றார், அவருக்கு ஒரு சொல் கூடக் கேட்டிருக்காது.

அவள் பெயர் ஹேமலதா. அபியின் பாட்டுகளைக் காதில் மாட்டிக்கொண்டு கூடவே பாடிப் பழகியவள். “சத்தம் போட்டுப் பாட எனக்கு எடம் ஏதுங்க? ஒங்க பாட்டுன்னா யாருக்கும் கேக்காமப் பாடலாம். பாடிப் பாடி அந்தக் கொரலே ஆயிடுச்சு.” பாட்டில் வருகிறவன் கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்தவன். இப்போது எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

“என் பேர்ல ஏன் போட்ட?”

“ஒங்க பேர்ல போடலியே. பேரே இல்லாமதான் போட்டேன். ஜனங்கதான் ஒங்களுதுன்னு எழுதிட்டாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். ஒங்களுதுன்னு நெனச்சா என்னத் தேட மாட்டாங்க இல்ல.”

“என்னத் தேடறாங்களே.”

ஹேமலதா மறுபடி பொத்தானை அழுத்தினாள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன, எல்லாவற்றிலும் அபியின் முகம்.

அப்போதும் அபிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. யாராவது சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கலாம் என்று நினைத்தாள். “ஒரு வரி பாடு,” என்றாள். ஹேமலதா எதிர் வீட்டைப் பார்த்துவிட்டு, மெஷினின் பக்கம் குனிந்து பாடினாள். ‘மூஞ்சி’ என்ற இடத்தில் குரல் அதே மாதிரி உடைந்து வெளியே வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எதிர் வீட்டு வாசலில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இவங்க எவ்ளோ காப்பிம்மா கேக்கறாங்க?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“முடிஞ்சுதுங்க அத்த,” என்றாள் ஹேமலதா. அபியின் கையில் தாள்களைக் கொடுக்கும்போது, “வீட்டுக்குத் தெரிஞ்சா என்னை வெச்சுக்க மாட்டாங்க,” என்றாள்.

திரும்பும்போது முருகேசன் மகளுக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்தார். பஸ் வந்தவாசி தாண்டியதும் கேட்டார்.

“அந்தப் பொண்ணுதானா?”

“ஆமாப்பா.”

“அப்ப வீட்டுல சொல்லிடலாம். காஞ்சிபுரத்துக்கும் சொல்லிடலாம்.”

“அவங்க நாலு பேருகிட்ட சொல்லுவாங்க. அப்புறம் அவ பொழப்பு போயிடும்பா.”

“சொல்லலன்னா ஒம் பொழப்பு போவுதே.”

அபி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் போல இன்னொருத்தி பாடுகிறாள் என்பதில் அவளுக்குக் கோபம் இருந்தது. அந்தப் பாட்டு தன் பாட்டுகளைவிட நன்றாக இருந்தது என்பதும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு.

அடுத்த வாரம் தன் சேனலில் முகத்தைக் காட்டிப் பேசினாள். “அந்தப் பாட்டு நான் பாடினது இல்ல. மெஷினும் பாடல. பாடினவங்க யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நல்லாப் பாடியிருக்காங்க. தேடாதீங்க.” அவ்வளவுதான். நிலைமை இன்னும் மோசமாயிற்று. தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியப்பா கேட்டார். தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறாள் என்று சிலர் எழுதினார்கள். முருகேசன் மனைவியிடம், நான் கூடப் போயிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்றார். “அவளுக்காக நீங்க எதுவும் சொல்லுவீங்க,” என்றாள் பொன்னம்மாள். காஞ்சிபுரம் முடிந்த கதையானது.

நேமியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கீழே கடையில் டீ சொன்னான்.

“கோவமெல்லாம் இல்லம்மா. ஆனா இனிமே ஒன் பாட்டத் தொட்டா, நீ என் கையப் பாக்கறியோன்னு நான் பாத்துகினே இருப்பேன். அப்படி ஒக்காந்து வேல செய்ய முடியாது.”

அவள் வற்புறுத்தவில்லை. டீ ஆறும்வரை இருந்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நாள் எதையும் பாடவில்லை. பாட வாயைத் திறந்தால் மூச்சுக் குரல்தான் வந்தது, அது தேசூர்க் கடையில் குனிந்து நிற்கிற பெண்ணின் குரலாகவும் கேட்டது. அந்தச் சமயத்தில் தனசேகரன் போன் செய்தார்.

“நீங்க பாடலன்னாலும் பரவால்லைங்க. வெளியிட்ட பாட்டுலேந்தே குரலைப் பிரிச்சு எடுக்கலாம், போதுமான அளவு இருக்கு. நீங்க சரின்னு சொன்னா புதுப் பாட்டு நாங்களே தயார் பண்ணிடுவோம்.”

“பிரிச்சுப் பாத்துட்டீங்களா?”

“சும்மா ஒரு டெஸ்ட்டுக்குத்தான்.”

அபி போனை வைத்துவிட்டு, அவருடைய எண்ணை முடக்கினாள். அதற்கு முன்னால் இதுபோல எத்தனை டெஸ்ட் நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

உறவுக்காரர் கல்யாணம் ஒன்றுக்காகக் கலசப்பாக்கம் போனபோதுதான் பாலு என்பவரின் பேண்டு செட்டைக் கேட்டாள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் டிரம்பெட்டும் டிரம்ஸும் தெருவை நிறைத்துக்கொண்டு போயின. கூட்டத்தோடு நடந்தபடி அவளும் வாய்விட்டுப் பாடினாள். அவ்வளவு சத்தத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிற தைரியம். டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த பாலு மட்டும் திரும்பிப் பார்த்தார். குரல் முரடாக, கொஞ்சம் கீறலாக இருந்தது. அது தனக்குள் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கலசப்பாக்கம் போனாள். பாலுவின் மனைவி இளமதிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பாலுவுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதிக் கன்னம் தொங்கிப்போனவர். ஒத்திகைக்கு நடுவில் அவள் போனைப் பதிவுக்கு வைத்ததும் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. இப்ப நாங்க வாசிக்கறத நீ புடிச்சுகினு போயி மெஷினுக்குள்ள போட்டுட்டா, அப்புறம் நாங்க எதுக்கு? எங்க சத்தத்த வெச்சே நீ ஓட்டிக்கலாம் இல்ல?”

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல அபி வாயெடுத்தாள். அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை.

“அப்படிப் பண்ண மாட்டேன் மாமா.”

“இப்ப மாட்ட. நாளைக்கு?”

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டு, பையை இளமதியிடம் கொடுத்தாள். இளமதி அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு மாலை வரைக்கும் பாடினார்கள். அன்றைக்கு வந்த சத்தம் போல அதற்குப் பிறகு வரவில்லை என்று டிரம்ஸ் வாசித்தவர் இன்றைக்கும் சொல்வார். அது எதிலும் பதிவாகவில்லை.

அப்படியே பல ஞாயிறுகள் போயின. கடைசியில் ஒரு நாள் பாலுவே, “சரி, இன்னிக்கு வேணா எடு. ஆனா எங்க பேரெல்லாம் போடணும்,” என்றார். போட்டாள். அந்தப் பாட்டு வெளியானபோது பழைய ரசிகர்களில் பலர், இது அபிதகுசாம்பாள் இல்லை, யாரோ அவள் பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்று எழுதினார்கள். அவள் எதற்கும் பதில் எழுதவில்லை. போளூர்ப் பக்கம் ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், பிறகு செய்யாற்றில் ஒரு கல்லூரிக்கு. பொன்னம்மாள் முதல் தடவையாகக் கூட வந்தாள். மேடைக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கீறல் குரல் மகளின் வாயிலிருந்துதான் வருகிறதா என்று கடைசிவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.